ரேஞ்ச்ஃபைண்டரில் எஃப்/1.4 அகலக்கோண லென்ஸ்: முதல் இரண்டு ரோல்களில் பார்க்க வேண்டியவை

பெரிய துளை கொண்ட (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) அகலக்கோண லென்ஸ் ஒன்றை, தனி ஜன்னல் வழியாகப் பார்த்து இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் முதன்முதலாக மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே தெருவில் இறங்கிப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துவிட்டு, அவற்றில் நான்கைந்து மங்கலாக வந்திருப்பதைக் கண்டு, லென்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் மங்கலுக்குக் காரணம் லென்ஸா, கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரா, படம் எடுத்தவரின் பழக்கமா என்று பிரித்துப் பார்க்காத வரை அதை நம்ப முடியாது. அந்த மூன்றையும் எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, ஜப்பானின் கொசினா நிறுவனம் ஃபோக்ட்லேண்டர் என்ற பெயரில் லைக்கா எம் வரிசைக் கேமராக்களின் லென்ஸ் பொருத்தும் வளையமான எம் மவுண்டுக்காகத் தயாரிக்கும் நோக்டன் கிளாசிக் 35 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1960களின் தொடக்கத்தில் லைக்கா கொண்டுவந்த முதல் 35 மி.மீ. சம்மிலக்ஸ் எஃப்/1.4 லென்ஸின் மரபில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், ஏறத்தாழ 200 கிராம் எடையில் அமைந்த லென்ஸ் இது. 2019-இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இங்கே சொல்லும் சோதனைகள் 28 மி.மீ. எஃப்/2 போன்ற பிற லென்ஸ்களுக்கும் பொருந்தும்.

லென்ஸைக் குறை சொல்லும் முன் கேமராவைச் சோதிக்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸின் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸின் பின்புறம் உள்ள கேம் என்னும் விளிம்பு, ஃபோகஸ் வளையத்தோடு நகர்ந்து, கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. அந்த அசைவுதான் வியூஃபைண்டரின் நடுவில் உள்ள இரட்டை உருவத்தை ஒன்றாக்குகிறது. ஆகவே உருளை சற்றே இடம் மாறியிருந்தாலும், நல்ல லென்ஸ் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்பேசிக் கோபுரம் ஒன்றைப் பார்த்து, லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது இரு உருவங்களும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு, ஏற்கெனவே நீங்கள் நம்பும் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதை மாட்டி, ஒரு மீட்டர் தூரத்தில் சில படங்கள் எடுங்கள். நான் ஒருமுறை பழைய 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரண்டு மாதம் திட்டித் தீர்த்த பிறகே, தவறு கேமராவின் உருளையில் இருந்தது என்று கண்டுகொண்டேன். அந்த இரண்டு மாதத்தில் வீணான ஃபிலிமின் விலையை இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

கேமராவுக்குக் கேமரா அளக்கும் துல்லியமும் மாறும். வியூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.72 ஆக உள்ள லைக்கா எம்6-இல் ரேஞ்ச்ஃபைண்டரின் அடித்தளம், அதாவது அதன் இரு ஜன்னல்களுக்கு இடையிலான தூரம், 69.25 மி.மீ.; இரண்டையும் பெருக்கினால் பயன்படும் நீளம் ஏறத்தாழ 50 மி.மீ.; இது கூடக்கூடத் துல்லியமும் கூடும். கொசினாவின் பெஸ்ஸா ஆர்2ஏ-வில் அது 26 மி.மீ. அளவுக்குத்தான் வரும். 35 மி.மீ. எஃப்/1.4-க்கு அதுவும் போதும் என்பதே என் கருத்து. ஆனால் கண் பார்வையில் சிறு குறை இருந்தாலும் அங்கே விரைவில் வெளிப்பட்டுவிடும். பெஸ்ஸா ஆர்3ஏ வைத்திருப்பவர்கள் அதில் 35 மி.மீ. லென்ஸின் படப்பரப்பைக் காட்டும் சட்டக் கோடே கிடையாது என்பதை வாங்கும் முன்பே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி லென்ஸ். இந்த வகை லென்ஸில் முதலில் அறிய வேண்டியது ஃபோகஸ் நகர்வு. கோளப் பிறழ்ச்சி முழுதும் திருத்தப்படாத லென்ஸில், ஓரம் வழியாக நுழையும் கதிர்களும் நடுவழியாக நுழையும் கதிர்களும் ஒரே தளத்தில் குவிவதில்லை. துளையை முழுதாகத் திறந்திருக்கும்போது ஓரக் கதிர்களும் சேர்ந்து ஒரு சமரசமான தளத்தை அமைக்கின்றன. துளையைச் சுருக்கியதும் அவை வெட்டுப்பட்டுவிட, கூர்மையான தளம் பொருளுக்குப் பின்னால் நகர்கிறது. ரேஞ்ச்ஃபைண்டருக்கு இந்த நகர்வு தெரியவே தெரியாது. நீங்கள் கண்ணில் ஃபோகஸ் செய்து எஃப்/2.8-இல் எடுத்த படத்தில் கண் மங்கி, காது கூர்மையாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நோக்டன் கிளாசிக்கின் வடிவமைப்பில் இந்தக் குணம் உண்டு என்பது பரவலாக அறியப்பட்டதுதான்; சிறிய உடலுக்கும் பழைய பாணித் தோற்றத்துக்கும் கொடுக்கும் விலை என்று இதைக் கொள்ளலாம்.

அளந்து பார்ப்பது கடினமன்று. அச்சிட்ட செய்தித்தாள் ஒன்றை அட்டையில் ஒட்டி, 45 பாகை சாய்வில் நிறுத்தி, நடு வரியில் ஒரு தடித்த கோடு போடுங்கள். முக்காலியில் கேமராவை வைத்து, கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். முதலில் எஃப்/1.4-இல் ஐந்து படங்கள்: ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக்குக் கொண்டுபோய், மீண்டும் திருப்பி, புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும். இந்த ஐந்தும் தங்களுக்குள் வேறுபட்டால் கைத்தவறு; ஐந்தும் ஒரே பக்கமாக விலகியிருந்தால் இயந்திரத் தவறு. அடுத்து, வளையத்தைத் தொடாமல், 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று துளையை மட்டும் மாற்றி ஆறு படங்கள். கூர்மையான வரி கோட்டிலிருந்து பின்னோக்கி எவ்வளவு போகிறது, எந்தத் துளையில் மீண்டும் கோடு தெளிவுக்குள் வருகிறது என்பதை இந்த ஆறும் சொல்லிவிடும். ஒரு மீட்டரில் எஃப்/1.4-க்குக் கிடைக்கும் தெளிவான ஆழம் மொத்தமே ஆறரை சென்டிமீட்டர், எஃப்/2.8-இல் அது 13 ஆகும். ஆழம் வளரும் வேகம் நகர்வின் வேகத்தை எங்கே முந்துகிறது என்பதே கேள்வி. தொல்லை பெரும்பாலும் எஃப்/2 முதல் எஃப்/4 வரைதான். எஃப்/8-க்கு வந்துவிட்டால் கவலை வேண்டாம்.

இந்தச் சோதனையை நிழலில் செய்யுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கே எஃப்/1.4-இல் 1/12000 நொடி அளவுக்கு ஷட்டர் வேகம் தேவைப்படும். எம்6 தருவதோ 1/1000. ஃபிலிமானால் ஒவ்வொரு படத்தின் எண்ணையும் துளையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்புவது வீண். மூன்று மீட்டரிலும் முடிவிலியிலும் இதையே சுருக்கமாகச் செய்துவிட்டால் முதல் ரோல் தீர்ந்துவிடும்.

இரண்டாம் ரோல் பழக்கத்தைச் சோதிப்பதற்கு. ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் புள்ளி நடுவில் மட்டுமே இருப்பதால், முகத்தில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைப்பது எல்லோருக்கும் வழக்கம். ஒரு மீட்டரில் நிற்பவரை ஃபோகஸ் செய்து, கேமராவை 20 பாகை திருப்பினால், அவர் சட்டகத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் வந்திருப்பார். கூர்மையான தளமோ அவருக்குப் பின்னால் ஆறு சென்டிமீட்டர் போயிருக்கும். எஃப்/1.4-இன் தெளிவான ஆழத்தில் அந்தத் தளத்துக்கு முன்பக்கம் இருப்பது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். இதோடு எஃப்/2-இன் ஃபோகஸ் நகர்வையும் சேர்த்துப் பாருங்கள்: இரண்டு தவறுகளும் ஒரே திசையில், பொருளுக்குப் பின்னால்தான் போகின்றன. ஒன்றையொன்று ஈடுகட்டியிருந்தால் நாம் கவனித்திருக்கவே மாட்டோம். திருத்தமும் ஒன்றுதான்: ஃபோகஸ் செய்தபின் உடம்பை ஒரு சிறிது பின்னுக்குச் சாய்த்துப் படம் எடுப்பது. எவ்வளவு சாய வேண்டும் என்பதை முதல் ரோலின் செய்தித்தாள் படங்களிலிருந்து அறிந்துகொள்ளலாம். திருப்பாமல், கேமராவை அதே திசையில் வைத்தபடி ஓரடி பக்கவாட்டில் நகர்வது இன்னும் நல்லது. ஆனால் தெருவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இரவில் எடுக்காமல் எஃப்/1.4 லென்ஸைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. தெருவிளக்குகளைச் சட்டகத்தின் மூலையில் வைத்து எஃப்/1.4-இல் ஒன்றும் எஃப்/2.8-இல் ஒன்றும் எடுங்கள். மூலை விளக்குகள் சிறகு விரித்தாற்போல் நீண்டால் அது கோமா. துளையைச் சுருக்கினால் குறையும். நோக்டன் கிளாசிக், கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைப் பொறுத்து, ஒற்றைப் பூச்சு, பல்பூச்சு என்று இரு வகைகளில் வருகிறது. கறுப்பு வெள்ளையில் நிழல்கள் சற்று மென்மையாக விழுவதை விரும்புவோர் ஒற்றைப் பூச்சைத் தேடுவார்கள். ஒளிமூலம் சட்டகத்துக்குள் வரும்போது அதில் வெண்புகை போன்ற ஃபிளேர் கூடுதலாக இருக்கும். எனக்குப் பல்பூச்சே போதும்.

வியூஃபைண்டரின் வலது கீழ் மூலையை லென்ஸும் அதன் முன் மாட்டும் ஒளிமறைப்பான ஹூடும் மறைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சிறிய லென்ஸில் மறைவு குறைவு, 490 கிராம் எடையுள்ள முதல் நோக்டன் 35 எஃப்/1.2-இல் நிறையவே உண்டு. மூடியைக் கழற்ற மறந்தால் வியூஃபைண்டர் எதையும் காட்டிக்கொடுக்காது என்பதையும், முழு ரோலை அப்படி இழந்தவன் என்ற முறையில், சொல்லிவைக்கிறேன்.

அடாப்டர் வைத்து மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மட்டும் சோதித்துவிட்டு மூலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவற்றில் பலவற்றின் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி, லைக்கா எம் வரிசையில் இருப்பதைவிடத் தடிமனானது. லென்ஸிலிருந்து மிகச் சாய்வாக வரும் ஓரக் கதிர்கள் அதில் விலகி மூலைகளை மேலும் மங்கலாக்கும்.

ஐந்து படங்களும் ஒரே பக்கமாக விலகியிருந்து, உங்கள் 50 மி.மீ. லென்ஸும் அதே பக்கம் விலகினால் கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்; 50 மி.மீ. சரியாக இருந்தால் லென்ஸைக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் கேமரா, லென்ஸ் இரண்டையும், துளை எழுதிய செய்தித்தாள் படங்களோடு கொண்டுபோக வேண்டும். கேமை எஃப்/1.4-க்குச் சரிசெய்வதா எஃப்/2-க்குச் சரிசெய்வதா என்று அவர் கேட்பார். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் துளையைச் சொல்லுங்கள். நான் எஃப்/2 என்று சொன்னேன், இப்போது எஃப்/1.4-இல் எடுக்கும்போது முன்னுக்குச் சாய்கிறேன்.