பராமரிப்பாளரின் கவனத்தைப் பெறும் வழு அறிக்கையை எழுதுவது எப்படி?

நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளில் கண்ட வழுவை, அதாவது நிரல் பிழையை (bug), முறைப்படி பதிந்துவிட்டு, மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராமல் காத்திருந்தவர்கள் பலர். மென்பொருளைப் பேணித் திருத்தும் பராமரிப்பாளர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று அவர்கள் நினைப்பது இயல்பே. ஆனால் பல திட்டங்களில் அறிக்கைகளைப் படிப்பவர்கள் ஓரிருவர்தான். அவர்களும் வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தில்தான் அதைச் செய்கிறார்கள். அந்தச் சிறிது நேரத்தில் எந்த அறிக்கையைக் கொண்டு தம் கணினியிலேயே வழுவை வரவழைத்துப் பார்க்க முடிகிறதோ, அதைத்தான் அவர்கள் முதலில் கையில் எடுப்பார்கள்.

எழுதத் தொடங்கும் முன் அண்மைப் பதிப்பில் சோதித்துப் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான வெளியீட்டைப் போன்றவற்றில் இருக்கும் மென்பொருள் பெரும்பாலும் பழைய பதிப்பாக இருப்பதால், உங்கள் வழு ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கக்கூடும். மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளால் வரும் கோளாறா என்பதையும் பார்த்துவிட வேண்டும். லிப்ரெஓபிஸ் என்ற அலுவலக மென்பொருளில், நீட்சிகள் இல்லாமல் திறந்து பார்க்கப் பாதுகாப்புப் பயன்முறை இருக்கிறது. பிறகு பிழைச்செய்தியின் சொற்களை அப்படியே இட்டு, மூடப்பட்ட அறிக்கைகளிலும் சேர்த்துத் தேடுங்கள்.

தலைப்பைப் பார்த்தே பராமரிப்பாளர் அறிக்கையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ‘செயலி வேலை செய்யவில்லை’ என்பதிலிருந்து அவருக்கு எதுவும் தெரியாது. ‘பெயரில் இடைவெளி உள்ள கோப்புறையில் சேமித்தால் செயலி மூடிக்கொள்கிறது’ என்று எழுதினால், நிரலின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது படிக்கும்போதே அவருக்குப் பிடிபட்டுவிடும்.

உள்ளே மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும்: நீங்கள் வரிசையாக என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்; அது இல்லாவிட்டால், நீங்கள் வழு என்று கருதுவது திட்டமிட்டே அமைக்கப்பட்ட நடத்தையா என்பதை முடிவு செய்ய இயலாது. மென்பொருளின் பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தையும் குறிப்பிடுங்கள். பிழைச்செய்தியைப் படமாக அல்லாமல், முழுமையாக, எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தில் இருக்கும் சொற்களை நகலெடுத்துத் தேட முடியாது. மென்பொருள் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பையும் இணைத்தால், அதில் கடவுச்சொற்கள் கலந்திருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள்.

அறிக்கையின் மதிப்பை மிகவும் உயர்த்தும் வேலை, வழுவைத் தூண்டும் உள்ளீட்டைச் சுருக்குவதே என்பது என் உறுதியான கருத்து. இரண்டாயிரம் வரிக் கோப்பு ஒன்றைத் திறக்கும்போது வழு வருகிறது என்றால், பாதியை வெட்டிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள்; வழு இருந்தால் எஞ்சியதையும் பாதியாக்குங்கள், மறைந்துவிட்டால் வெட்டிய பாதியைத் திறந்து பாருங்கள், இரண்டிலும் வராவிட்டால் இன்னும் சிறு துண்டுகளாக நீக்கிப் பாருங்கள். இப்படிச் செய்துகொண்டே போனால் பெரும்பாலும் ஒரு சில வரிகளே மிஞ்சும், அவற்றை யாரும் ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம். சில வேளைகளில் தவறு நம்முடையதே என்பதும் இந்தச் சுருக்கலின் நடுவே தெரியவந்துவிடும், அதுவும் இருவருக்கும் நன்மைதான்.

முந்தைய பதிப்பில் சரியாக இருந்த ஒன்று புதிய பதிப்பில் கெட்டுப்போயிருந்தால், அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலை உருவாக்கும் திட்டத்தில் இத்தகைய பின்னடைவுகளைத் திருத்துவதற்குத் தனி முன்னுரிமை உண்டு. நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி தரும் பைசெக்ட் கட்டளை, சரியாக இருந்த நிலைக்கும் கெட்ட நிலைக்கும் இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதால், 1000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் வழுவைக் கொண்டுவந்த மாற்றத்தைக் காட்டிவிடும். பயர்பாக்ஸுக்கு இதையே செய்யும் மோஸ்ரெக்ரஷன் என்ற கருவி இருக்கிறது. எந்த மாற்றத்தால் கெட்டது என்று சுட்டும் அறிக்கை, அந்த மாற்றத்தை எழுதியவரிடமே நேராகப் போய்ச் சேரும்.

பாதுகாப்புக் குறைபாடு என்று ஐயம் எழுந்தால் பொதுவில் எழுதவே கூடாது. திட்டத்தின் பாதுகாப்புக் கொள்கைக் கோப்பில் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் வழியே அனுப்புங்கள்.

பதிந்த பிறகு வரும் கேள்விகளுக்கு ஓரிரு நாளில் விடையளியுங்கள்; விடை வராத அறிக்கைகளைப் பல திட்டங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மூடிவிடுகின்றன. பதிலே வராவிட்டால், ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்பதற்குப் பதிலாக, அடுத்த பதிப்பு வந்ததும் அதே படிகளை மீண்டும் செய்து பார்த்து, வழு இன்னும் இருக்கிறதா இல்லையா என்பதைப் பதிப்பு எண்ணோடு அதே அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.