பட்டாளத்துத் தாத்தாவைத் தேடும்போது

வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத்தில் இருந்த, வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்ட தாத்தாவைக் கோயில் புத்தகத்திலும் ராயப்பன் என்றே தேடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. பழைய கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடு பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். அங்கே ராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவரோ காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியிருப்பார். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். அதனால் பெயர் ஒத்துப்போகிறதே என்று யாரையோ நம் தாத்தா ஆக்கிவிடாதீர்கள். அப்பா பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

ஏற்காட்டில் எங்கள் பாட்டியின் அண்ணனைத் தேடியபோது பக்கத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: எந்த வருடம், யாரைக் கட்டினார் என்று. ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் திருமணத்தையும் குறித்து வைப்பது திருச்சபை வழக்கம். பாட்டி வாய்க்கு வாய் சொல்லும் அண்ணியின் பெயர் அங்கே இருந்தது. அப்புறம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. பட்டாளக் காகிதத்து வயதையும் அப்படியே நம்ப வேண்டாம், கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் உண்டு.

‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் இன்றைய சேலத்தோடு நிற்காதீர்கள். 1965 வரை தர்மபுரியும் ஓசூரும் அதில்தான் இருந்தன. நாமக்கல் 1997இல்தான் பிரிந்தது.

1940 குண்டுவீச்சில் லண்டனில் பட்டாளக் காகிதம் எல்லாம் எரிந்துவிட்டது என்று சிலர் தேடுவதையே விட்டுவிடுகிறார்கள். எரிந்தவை முதல் உலகப் போரில் இந்தியப் படையில் அல்ல, பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களின் காகிதங்கள். நம் சிப்பாய்களின் காகிதங்களைக் கேட்க வேண்டிய இடம் அந்தந்த ரெஜிமென்டின் பதிவு அலுவலகம்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் தேடலாம், ஆனால் அது போர்க்காலத்தில் இறந்தவர்களுக்கானது. ஊர் திரும்பியவர் அதில் இருக்க மாட்டார்.

எங்கே எழுதிக் கேட்டாலும் படை எண், அதாவது பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த எண், வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லையென்றால் மெடலைப் பாருங்கள். முதல் உலகப் போருக்குக் கொடுத்த ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் பொறித்திருக்கும். அது வெள்ளியா வெண்கலமா என்பதையும் கவனியுங்கள்: சிப்பாய்க்கு வெள்ளி, கூலி வேலைக்காக லேபர் கோரில் போனவருக்கு வெண்கலம். வீட்டில் இரண்டையும் ‘பட்டாளம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போட்டோ எடுங்கள்.