தனியாகச் சிங்கப்பூர் கிளம்பும் தம்பி, தங்கைக்கு: உன் பையை நீயே கட்டு

நான் முதன்முதலில் தனியாக விமானம் ஏறியது 2019 மே மாதம். 17 வயது, பிளஸ் டூ முடித்த கையோடு திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு, அத்தை வீட்டுக்கு. போன மே மாதம் அதே வழியில் என் தம்பி போய்வந்தான். அவனுக்கு 16. நான் தெரியாமல் தடுமாறிய இடத்திலெல்லாம் அவனும் தடுமாறக் கூடாது என்று ஒரு வாரம் அவனோடு உட்கார்ந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார். 18 வயது ஆகாதவர்களுக்கு 5 வருஷம், இல்லையென்றால் 18 முடியும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். 15 தாண்டியவர்கள் 10 வருஷத்துக்கும் கேட்டு வாங்கலாம். சிங்கப்பூரில் இறங்கும்போது குறைந்தது 6 மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல் வரும். பள்ளியில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் இருக்க வேண்டும். டிக்கெட் போடும் அண்ணனிடம் போனில் பெயரைச் சொல்லாதே. பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. டிக்கெட் கைக்கு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்.

அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்று வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கிக்கொள். யாரிடம் போகிறாய், அவர்கள் முகவரி, போன் நம்பர், போகும் தேதி, திரும்பும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். அப்பா, அம்மா பாஸ்போர்ட் நகலையும் உன் பிறப்புச் சான்றிதழ் நகலையும் கூடவே வை. தம்பியிடம் செக்-இன் கவுன்டரிலேயே இதைக் கேட்டார்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 12 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாக ஏற்றிக்கொள்ளும். ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போதே வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

விசாவை அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுத்தோம். அத்தை அங்கிருந்து கடிதம் கொடுத்தார். விசா வந்ததும் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள். விசாவைத் தவிர சிங்கப்பூருக்கு இன்னொன்றும் வேண்டும். 2019இல் விமானத்துக்குள்ளேயே ஒரு வெள்ளை அட்டை கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். இப்போது அது கிடையாது. எஸ்ஜி அரைவல் கார்டு என்று இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்தான் நிரப்ப முடியும். ஐ.சி.ஏ. எனப்படும் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம். தேடினால் முதலில் காசு கேட்கும் தளங்கள் வந்து நிற்கும். பணம் கேட்டால் உடனே மூடிவிடு. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் உன் போனில் திறக்கும் முகவரியையே கொடு. தம்பி முதலில் அம்மாவின் முகவரியைக் கொடுத்திருந்தான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பார்த்து மாற்றினோம். காரணம் பின்னால் வருகிறது.

இனி பை. இதில்தான் நான் ரொம்பக் கண்டிப்பாக இருந்தேன். பயணத்துக்கு முந்தின இரவு அம்மா கட்டிவைத்த பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தேன். அம்மாவுக்குக் கோபம். ஒவ்வொரு பொருளாகத் தம்பி கையில் எடுத்து, அது என்ன என்று சொல்லி உள்ளே வைக்க வேண்டும் என்றேன். முறுக்கு, ஆவக்காய், சாம்பார்ப்பொடி எல்லாம் சொன்னான். அப்பத்தா புதுக்கோட்டையிலிருந்து கொடுத்துவிட்ட மஞ்சள் துணி முடிச்சு வந்ததும் வாய் நின்றுபோனது. அவிழ்த்தால் பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஒரு பிளாஸ்டிக் உறையில் உப்புக்கண்டம், அதற்கும் அடியில் சின்னப் பொட்டலமாகக் கசகசா. அத்தைக்குக் குருமா வைக்கக் கொடுத்திருக்கிறார், பாவம். நம் சமையலறையில் கசகசா இல்லாத வீடு உண்டா? ஆனால் சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். அது ஓபியம் செடியின் விதை, மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்பதால் அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் கண்காணிப்பில் வருகிறது. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உள்ள நாடு அது. உப்புக்கண்டமும் கூடாது, வீட்டில் செய்த இறைச்சி எதையும் இங்கிருந்து கொண்டுபோக முடியாது. இரண்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அப்பத்தாவுக்குப் போன் செய்து பக்குவமாகச் சொன்னேன்.

அதனால்தான் சொல்கிறேன், பையை நீயே கட்டு. கஸ்டம்ஸ் அதிகாரி முன்னால் நிற்கப்போவது நீதான். "பாட்டி வைத்தது, எனக்குத் தெரியாது" என்பது அங்கே பதில் ஆகாது.

இன்னும் சில. சூயிங்கம் சிங்கப்பூரில் 1992இலிருந்து தடை. இ-சிகரெட்டும் தடை. சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகையே கிடையாது, யாராவது மாமாவுக்கு என்று ஒரு பாக்கெட் கொடுத்தாலும் வாங்காதே. மருந்தை அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப் போ. பெயர் எழுதாத லேகியப் பொட்டலம் வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போடு; கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுவார்கள்.

கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், திரும்பி வரும்போது அது இங்கிருந்து போன நகைதான் என்று காட்ட வேண்டிவரலாம். லக்கேஜ் போடும் முன்பே கஸ்டம்ஸ் கவுன்டரில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கலாம். தம்பியை நாங்கள் கழற்றிவைத்துவிட்டுப் போகச் சொன்னோம். அதுதான் எளிது.

விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து உன்னை மட்டும் உள்ளே விடுவார். பெற்றோரிடம் அங்கேயே விடைபெற வேண்டியதுதான். உள்ளே செக்-இன், இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் லக்கேஜ் சீட்டைத் தொலைக்காதே. ஊரில் பெரியவர்கள் ஒரு படிவம் நிரப்பணும் என்பார்கள். வெளியே போகும் இந்தியர்கள் நிரப்பிய அந்த அட்டை 2017 ஜூலையோடு நின்றுவிட்டது.

நான் தடுமாறியது இந்த இமிகிரேஷன் கவுன்டரில்தான். "எங்கே தங்குவாய்?" என்று அதிகாரி கேட்டார். "அத்தை வீடு" என்றேன். "முகவரி?" போனில் இருந்தது, போன் அணைந்து கிடந்தது. எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. கை நடுங்கியது. அவர் பொறுமையாக என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். பின்னால் நின்ற ஒரு அக்கா சார்ஜர் கொடுத்து உதவினார். அந்தப் பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அதனால் தம்பிக்கு முகவரி, பிளாக் நம்பர், போன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். சாப்பாட்டு மேசையில் நானே அதிகாரியாக உட்கார்ந்து கேட்டேன். எதற்குப் போகிறாய்? எத்தனை நாள்? அத்தை என்ன வேலை பார்க்கிறார்? யார் செலவு? திரும்பும் டிக்கெட் எங்கே? மூன்று இரவு கேட்டதும் பதில் தானாக வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உண்மையைச் சொல். புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேள், தப்பில்லை. தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் பேசும் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

விமானம் சுமார் நான்கு மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளு.

சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலும் தானியங்கி வாயில்தான். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை ஸ்கேனரில் கவிழ்த்து வை, கதவு திறந்ததும் உள்ளே போய்க் கேமராவைப் பார்த்து நில். கண்ணாடியையும் தொப்பியையும் கழற்று. கதவு திறக்காவிட்டால் பயப்படாதே. பக்கத்தில் ஆள் இருக்கும் கவுன்டருக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது இ-பாஸ் என்று மின்னஞ்சலில் வரும். அதற்காகத்தான் உன் சொந்த முகவரி. விசா எவ்வளவு காலத்துக்கு இருந்தாலும், தங்க அனுமதி இ-பாஸில் உள்ள தேதிவரைதான். அதைப் படித்துவிட்டு அத்தைக்கும் அனுப்பு.

பெட்டியை எடுத்த பிறகு சிவப்பு வழி, பச்சை வழி என்று இரண்டு. அறிவிக்க ஏதும் இருந்தாலும், சந்தேகம் இருந்தாலும் சிவப்பு. தம்பி பச்சையில் போனான், ஸ்கேனருக்கு அழைத்தார்கள். அங்கிருந்த அதிகாரி அம்மா ஒருவர் டப்பாவைக் காட்டி, "இதில் என்ன? யார் கட்டினது?" என்று தமிழிலேயே கேட்டாராம். "நான்தான் கட்டினேன். ஆவக்காய், சாம்பார்ப்பொடி, முறுக்கு" என்றான். திறந்து பார்த்துவிட்டு அவரே மூடிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனம். சாங்கியில் திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையில் யாராவது அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். "தம்பி, இந்தப் பொட்டலத்தைத் திருச்சியில் ஒருத்தர் வாங்கிப்பார், செலவுக்குக் காசு தரேன்" என்பார்கள். நம் பக்கத்தில் இப்படிப் பொருள் கடத்துபவரைக் குருவி என்பார்கள். தனியாக வரும் சின்னப்பிள்ளை என்றால் அவர்களுக்கு வசதி. சார்ஜராக இருந்தாலும், சாக்லேட்டாக இருந்தாலும் வாங்காதே. வற்புறுத்தினால் விமான நிறுவன ஊழியர் பக்கத்தில் போய் நின்றுகொள்.

அத்தை ஆசையாய்த் தங்கம் கொடுத்தாலும் யோசி. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான் நகைக்கு வரிச்சலுகை. லீவுக்குப் போய் வரும் உனக்குக் கிடையாது. அத்தை தம்பிக்கு மோதிரம் வாங்கவே இருந்தார். அவன் விஷயத்தைச் சொல்லி, இரண்டு சட்டையும் எனக்கு ஒரு கைப்பையும் போதும் என்றான். வாங்கிய பில்லைக்கூடப் பாஸ்போர்ட் உறையில் வைத்து எடுத்து வந்திருந்தான்.