எய்ம் என்றால் உத்தேசம்: வழுக்கும் இடங்கள்

‘மை எய்ம் இன் லைஃப்’ கட்டுரை எழுதாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் நம்மில் குறைவு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் ட்யூஷன் எடுக்கிறேன். தமிழ் மீடியம், மலையாள மீடியம் என இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். ‘எய்ம்’ (aim) என்ற இந்த ஆங்கிலச் சொல்லில் மட்டும் இரு தரப்பும் ஒரே இடங்களில் வழுக்குவார்கள்.

முதல் வழுக்கல் வாட்ஸப் வழியாக வருவது. ‘எய்’ என்றால் அம்பு விடுவது, அதிலிருந்துதான் ‘எய்ம்’ பிறந்தது என்பார்கள். மலையாளத்திலும் ‘எய்யுக’ இருப்பதால் இரு தரப்புக்கும் குஷி. ஆனால் ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது. எய்மின் வேர், மதிப்பிடுவதைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘எஸ்மர்’ ஆனது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் புழங்கியபோது நடுவிலிருந்த ‘ஸ்’ஸும் போய்விட்டது. எஸ்டிமேட், எஸ்டீம் இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆக, அம்பு அப்புறம் வந்தது. முதலில் இருந்தது கணக்கு.

அந்தப் பழைய பொருளைப் பார்க்க எங்கள் தென்னந்தோப்புக்கு வந்தால் போதும். காய் வியாபாரி மரத்தடியில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, குலை குலையாகப் பார்ப்பார். “உத்தேசம் எண்பது வரும்” என்பார். அதே மனிதரிடம் “வாங்குகிற உத்தேசம் இருக்கா?” என்றும் கேட்கலாம். தோராயம், எண்ணம் இரண்டுக்கும் தமிழில் அதே சொல், மலையாளத்திலும் அப்படித்தான். நம் உத்தேசம் இரண்டு பொருளையும் இன்னும் வைத்திருக்கிறது. எய்ம் முதலாவதை எஸ்டிமேட்டிடம் கொடுத்துவிட்டது. அதனால் வேர் தெரிந்துவிட்டதே என்று இன்றைய ஆங்கிலத்தில் ‘எய்ம் எண்பது தேங்காய்’ என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது அகராதி செய்யும் வேலை. எய்முக்கும் நோக்கம், பர்ப்பஸுக்கும் நோக்கம் என்று போட்டிருக்கும். ஆனால் அரிவாளுக்கு பர்ப்பஸ் உண்டு, எய்ம் கிடையாது. எய்ம் என்றால் மனதில் ஒன்றை வைத்திருக்கும் ஆளோ அமைப்போ வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைப் பெயர் வெறும் முதலெழுத்துச் சுருக்கம். அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

நான் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது கடைசித் தவறுக்குத்தான். தமிழில் ‘மாங்காயைக் குறி பார்த்தேன்’ என்கிறோம். அந்த ‘ஐ’யை நம்பி ‘ஐ எய்ம்டு த மேங்கோ’ என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் குறிபடும் பொருளுக்கு முன்னால் ‘அட்’ (at) வேண்டும். எய்மை ஒட்டி நேராக வருவது கையில் இருக்கும் கல். ‘அட்’டை விட்டால், பையன் மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வேறு யாரையோ குறி பார்க்கிறான்.