அவிச்ச நண்டு எப்படி நடக்கும்? படக்கதை பார்த்துக் காகிதக் கடல் செய்வோம்

போன மே மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழு பிள்ளைகள். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் பெரும்பகுதி பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடக்கும். ராமேஸ்வரத்துக்கு அருகே எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் வெயிலும் சும்மா விடாது. பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாதென்பதால் திண்ணையில் உட்காரவைத்துக் கடல் பற்றிய ஒரு படக்கதைப் புத்தகத்தை விரித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் கடலடியில் ஒரு சிவப்பு நண்டு சிரித்துக்கொண்டு போனது. இரண்டாம் வகுப்பு வாண்டு ஒருவன் புத்தகத்தின் மேல் விரலை வைத்துவிட்டான். "அக்கா, இது அவிச்ச நண்டு. அவிச்ச நண்டு எப்படி நடக்கும்?"

அன்றைக்குக் கதை அதோடு நின்றது. கைவேலை அங்கேதான் தொடங்கியது. அச்செடுத்த படத்தை வெட்டி ஒட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. முப்பது பிள்ளைகள் செய்தால் முப்பது மீனும் ஒரே மாதிரி இருக்கும். அதைவிடப் புத்தகத்துக் கடலையும் நம் கூடையில் வந்து விழும் கடலையும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துச் செய்வது நன்றாக வரும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீன் தெரியும், காகிதம்தான் புதிது. கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்கள் மீன் கடைக்கு ஒரு நடை போய்வந்து செய்யலாம்.

புத்தகம் எதுவாக இருந்தாலும் சரி, படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருந்தால் போதும். கையில் இல்லையென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே காட்டலாம். முதல் தடவை கதையை வாசியுங்கள். இரண்டாம் தடவை வாசிக்காமல் பக்கத்தை மட்டும் திருப்பி, "இதுல எது நம்ம கடல்ல இருக்கு, எது இல்ல?" என்று கேளுங்கள். சொன்னதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். செய்ய வேண்டியவற்றின் பட்டியல் அதுதான்.

தேவையானவை

ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக இருக்கும் பளபளப்பான கலர் தாள் (நீலம் இரண்டு மூன்று சாயலில், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பச்சை), பழைய காலண்டர் அட்டை, பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித் தாள், முனை மழுங்கிய கத்தரி, ஸ்டேப்ளர், ஐஸ் குச்சி, கொஞ்சம் தங்கூசி நரம்பு (மீன்பிடிக்கும் நைலான் நூல்). ஜிகினாத் தூள் வாங்காதீர்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், திண்ணையைப் பெருக்கினால் நேரே மணலுக்குத்தான் போகும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆகும். அப்போது இறக்கிவிடுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகளின் விரல் வாய்க்குப் போகும் என்பதால் நமக்கு வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றுக்கு இந்தப் பசை மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள்.

இன்னொன்று, தாள் பறக்காமலிருக்க மேலே வைக்கப் பிள்ளைகள் கரையில் கிடக்கும் பவளக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்களிலேயே அந்தக் கல் உண்டு, அவர்களுக்கு அது வெறும் கல். ஆனால் 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எடுத்த இடத்திலேயே போட்டுவரச் சொல்லுங்கள். செங்கல் துண்டு போதும்.

முதலில் கடல்

காலண்டர் அட்டையைக் கிடைமட்டமாக வைத்து, நடுவில் மேலிருந்து கீழாகப் பழுப்புத் தாளில் ஒரு மெல்லிய பட்டை ஒட்டுங்கள். இதுதான் தனுஷ்கோடி மண்திட்டு. அதன் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. நம்மவர்கள் வழக்கில் பெண் கடல், ஆண் கடல்.

அலைக்கு நீலத் தாளை நீள நீளமாகக் கிழிக்க வேண்டும். கத்தரி வேண்டாம். கிழித்ததும் ஒரு துண்டின் விளிம்பில் வெள்ளை தெரியும், மற்றதில் தெரியாது. வெள்ளை தெரிவது நுரை வரும் அலை, தெரியாதது அடங்கிய தண்ணீர். பிள்ளைகள் நாலு தாள் கிழித்ததும் எந்தப் பக்கம் இழுத்தால் நுரை வரும் என்பதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்துக் கெடுக்காதீர்கள். அட்டையின் மேல் ஓரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி, ஒன்றின் அடியை அடுத்தது சற்று மூடும்படி ஒட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு பட்டையின் நுரை விளிம்பும் மேலே பார்க்கட்டும்.

நுரைத் துண்டையெல்லாம் எந்தப் பக்கம் ஒட்டுவது? நான் ஆண் கடல் பக்கம் என்றேன். ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. "எந்த மாசத்துக் கடல்னு சொல்லுங்க முதல்ல" என்றாள். அவள் கேட்டது சரிதான். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் மன்னார் பக்கம் குமுறும், பாக் பக்கம் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் பெண் கடலுக்கு ஆவேசம் வந்துவிடும், தெற்கே அமைதி. ஆகவே நாங்கள் இரண்டு அட்டை செய்தோம். நீங்கள் ஒன்று மட்டும் செய்தால் ஓரத்தில் மாதத்தை எழுதி வையுங்கள்.

நண்டு: இரண்டு பக்கம், இரண்டு நிறம்

நீலக்கால் நண்டு உயிரோடு இருக்கும்போது ஏன் நீலம், சட்டியில் ஏன் சிவப்பு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதன் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள் எப்போதும் இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் உருக்குலைந்து பிடி விட்டுவிடும், சிவப்பு வெளியே வரும். நான் பிள்ளைகளிடம் சொன்னது: சிவப்பு உள்ளே ஒளிஞ்சிருக்கு, சட்டி அதைக் காட்டிக் குடுக்குது. படம் வரைந்தவரைக் குறை சொல்லவும் முடியாது. கிறிஸ்துமஸ் தீவில் உயிரோடு சிவப்பாகவே திரியும் நண்டுகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஆனால் எங்கள் திண்ணையில் அந்த நியாயம் எடுபடவில்லை.

1. நீலத் தாள் ஒன்று, சிவப்புத் தாள் ஒன்று. வெள்ளைப் பக்கங்கள் உள்ளே வரும்படி முழுதும் பசை தடவி முதுகோடு முதுகாக ஒட்டுங்கள். மேலே நோட்டுப் புத்தகங்களை அடுக்கி அரை மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டால் வெட்டும்போது இரண்டும் பிரிந்துவிடும்.

2. காய்ந்த தாளில் பாதியை வெட்டியெடுத்து இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டி அரை ஓடு வரைந்து வெட்டுங்கள். விரித்தால் அகலம் 14 செ.மீ., நீளம் 7 செ.மீ. வரட்டும். இந்த நண்டின் ஓடு ஏறக்குறைய நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். வட்டமாக வெட்டினால் அது வேறு நண்டு.

3. ஓட்டின் முன் விளிம்பில் பல் வெட்டுங்கள். உண்மை நண்டுக்குப் பக்கத்துக்கு ஒன்பது, கடைசிப் பல் மட்டும் நீண்டு முள்ளாக நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று பல்லும் ஒரு முள்ளும் போதும்.

4. மீதித் தாளை மடித்தபடியே கால் வெட்டினால் ஒவ்வொன்றும் சோடியாக வரும். நீளமான கொடுக்கு ஒரு சோடி, ஒல்லிக் கால் மூன்று சோடி, கடைசியில் துடுப்புபோல் முனை அகன்ற கால் ஒரு சோடி. ஆக மொத்தம் பத்து. அந்தத் துடுப்பைப் பெரும்பாலான கைவேலைப் படங்களில் விட்டுவிடுகிறார்கள், இந்த நண்டு நீந்துவதே அதை வைத்துத்தான்.

5. கால்களை ஸ்டேப்ளரால் இணையுங்கள். பசை போட்டால் திருப்பும்போது ஒரு பக்கம் அசிங்கமாகத் தெரியும். பின்னின் முனை நன்றாக மடங்கியிருக்கிறதா என்று பெரியவர்கள் விரலால் தடவிப் பாருங்கள்.

6. கறுப்புத் தாளில் ஒரு சட்டி வெட்டி, மேல்பக்கம் திறந்திருக்க மற்ற விளிம்புகளில் மட்டும் பசை போட்டு அட்டையில் ஒட்டுங்கள். கடலில் நீலப் பக்கம் தெரிய நீந்தும் நண்டைப் பிடித்துத் திருப்பிச் சட்டிக்குள் சொருகினால் சிவப்பு.

ஆறாவது படி என்னுடையது அல்ல, அந்த வாண்டுடையது. ஆண் நண்டுக்குத்தான் இந்த நீலம் பளிச்சென்று இருக்கும். பெண் நண்டு மங்கலான பச்சைப் பழுப்பு. பெண் நண்டு வேண்டுமென்றால் நீலத்துக்குப் பதில் பழுப்புத் தாள் போட்டுக்கொள்ளுங்கள், சட்டிக்குள் அதுவும் சிவப்புதான்.

மீன்: செதிலை எங்கே தொடங்குவது?

ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். வட்டத்திலிருந்து பூசணிக் கீற்றுபோல் ஒரு முக்கோணத்தை வெட்டியெடுத்தால் வெட்டிய இடம் வாய். எடுத்த துண்டைத் திருப்பிப் பின்னால் ஒட்டினால் வால். ஐந்து வயதுப் பிள்ளைகூட இரண்டு நிமிடத்தில் செய்துவிடும்.

செதிலுக்குப் பஞ்சிங் மிஷினில் விழும் பொட்டுகள் போதும். வால் பக்கம் தொடங்கித் தலை நோக்கி வரிசை வரிசையாக ஒட்டுங்கள், ஒவ்வொரு வரிசையும் முந்தியதைப் பாதி மூடட்டும். தலையிலிருந்து தொடங்கினால் செதில் தலைகீழாக நிற்கும். எங்களிடம் அப்படி ஒரு மீன் இருந்தது. ஒரு பாட்டி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "இந்த மீனு பின்னாலயா நீந்தும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மீன் ஆய்ந்த கை, செதில் எந்தப் பக்கம் சீவும் என்று அதற்குத் தெரியும்.

காரல் என்ற வெள்ளி நிற மீனுக்குச் செதிலே வேண்டாம், பிஸ்கட் பாக்கெட் வெள்ளித் தாளை அப்படியே போர்த்துங்கள். நகரை மீனுக்குச் சிவப்புத் தாள், தாடையின் கீழ் மீசைக்கு இரண்டு நூல். அந்த மீசையால்தான் அது மணலைக் கிளறி இரை தேடும். கணவாய் செய்தால் காலை எண்ணி வெட்டுங்கள்: எட்டு குட்டைக் கால், இரண்டு நெட்டைக் கால். எட்டோடு நிற்பது பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்.

ஆவுளியா மூச்சு விட மேலே வரும்

படக்கதையில் திமிங்கிலம் வரும் பக்கத்தில், "எங்க தாத்தா பாத்திருக்காரு, அது ஆவுளியா" என்றாள் ஒருத்தி. கடல்பசுவைத்தான் சொல்கிறாள். வால் திமிங்கிலத்தின் வால்போல் இருக்குமே தவிர இது புல் மேயும் பிராணி. சுமார் 3 மீட்டர் நீளம் வளரும், கடலடியில் கடல்புல்லை மேய்ந்துவிட்டுச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வரும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் இதற்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மேலே வந்து போகும் அந்த அசைவைக் காகிதத்தில் கொண்டுவரலாம்.

1. ஏ4 அளவு அட்டையை நிமிர்த்தி வையுங்கள், இது வானம். இன்னொரு நீலத் தாளின் மேல் விளிம்பை அலைபோல் கிழித்து, அட்டையின் கீழ் முக்கால் பாகத்தை மூடும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. நீலத் தாளின் இடது, வலது ஓரங்களில் மட்டும் பசை தடவி அட்டையில் ஒட்டுங்கள். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். இப்போது அது ஒரு அடியில்லாத பை.

3. பழுப்புத் தாளில் ஆவுளியாவை 12 செ.மீ. நீளத்துக்கு நிமிர்ந்த நிலையில் வெட்டுங்கள். உருண்டை உடம்பு, கீழே வளைந்த மொத்தை மூக்கு, இரண்டு துடுப்பு, நடுவில் பிளந்த வால். முதுகில் துடுப்பு கிடையாது. போட்டால் சுறாவாகிவிடும்.

4. இரண்டு ஐஸ் குச்சிகளைக் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டி நீளமாக்கி, ஆவுளியாவின் முதுகுப் பக்கம் ஒட்டுங்கள். நன்றாகக் காயட்டும்.

5. மேலிருந்து பைக்குள் இறக்குங்கள். குச்சியின் நுனி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளினால் மூக்கு அலைக்கு மேலே எட்டிப்பார்க்கும், இழுத்தால் மறைந்துவிடும்.

6. நீலத் தாளின் கீழ்ப்பகுதியில் பச்சைத் தாளைப் புல்லாகச் சீவி ஒட்டுங்கள், நுனி காற்றில் ஆடட்டும்.

கீழே போனால் ஆளே தெரியவில்லையே, நீலத் தாளில் ஒரு ஓட்டை போட்டால் என்ன என்று நான் யோசித்தேன். தாத்தா பார்த்ததாகச் சொன்ன பொண்ணு தடுத்துவிட்டாள். "தாத்தாவும் மூக்கத்தான் பாத்தாரு." ஓட்டை போடவில்லை.

தொங்கவிடுவதும் பெயர் எழுதுவதும்

மீன்களைத் தங்கூசியில் கட்டி ஒரு குச்சியில் வரிசையாகத் தொங்கவிடலாம். நரம்பு கண்ணுக்குத் தெரியாததால் மீன் தானாக நீந்துவதுபோல் இருக்கும். முதல் தடவை நான் வாசல் பக்கம் கட்டி, சாயங்காலக் காற்றில் மொத்தமும் சிக்கிக் கிழிந்து போனது. வீட்டுக்குள் கட்டுங்கள். துளை போடும் இடத்தில் செலோடேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டுக் குத்தினால் கிழியாது. மிச்சமாகும் தங்கூசித் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், காக்கை காலில் சுற்றிக்கொள்ளும்.

கடைசியாக ஒவ்வொன்றின் கீழும் பெயர்ச்சீட்டு. பிள்ளைகள் வீட்டில் சொல்லும் பெயரையே எழுதட்டும். சீட்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், குண்டூசியால் குத்தி வையுங்கள். நாங்கள் ஒட்டிவைத்து மாட்டிக்கொண்டோம். சாயங்காலம் வலைக்காரர் இருவர் வந்து பார்த்து, ஒரே மீனுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லி, இருட்டும்வரை திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.