ஹெபடைடிஸ் பி-யும் பரம்பரையலகுகளும்: ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று சிலருக்கு மட்டும் ஏன் நாட்பட்ட நோயாகிறது? பிறவி நிர்ப்பீடனத்தின் (பிறப்பிலேயே உள்ள நோயெதிர்ப்பின்) பரம்பரையலகுகளுக்கு அதில் என்ன பங்கு? வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். நல்ல கேள்விதான். குழாயில் பெயர் ஒட்ட மறப்பது போன்றவற்றை விடுகிறேன், அவை தானாகத் திருந்தும்.

யாரோடு ஒப்பிடுவது?

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் இடம் இதுதான். ஒரு பக்கம் நாட்பட்ட நோயாளிகள், மறுபக்கம் குருதிக்கொடையாளர்கள். "சேர், எல்லாருக்கும் எச்.பி.எஸ். அன்ரிஜன் நெகட்டிவ்" என்பார்கள். சரி, நெகட்டிவ்தான்; வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இல்லை, அதாவது இப்போது தொற்று இல்லை. ஆனால் இலங்கையில் இந்த வைரஸ் குறைவு, கொடையாளர்களில் பெரும்பாலானோர் அதைச் சந்தித்ததே இல்லை. 2003 இல் தடுப்பூசி தேசிய அட்டவணைக்குள் வரத் தொடங்கியது. அதன்பின் பிறந்தவர்களே இப்போது இரத்தம் கொடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். யானையிடம் எப்படித் தப்புவது என்று யானையைக் காணாதவரிடம் கேட்டு என்ன பயன்?

நமக்கு வேண்டியவர் வைரஸ் உடலுக்குள் வந்து அதை வென்றவர். அவருக்கு அன்ரிஜன் நெகட்டிவ், அன்ரி-எச்.பி.சி. (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி) பொசிட்டிவ். தடுப்பூசி மட்டும் போட்டவரிடம் மேலுறைப் புரதத்துக்கு எதிரான அன்ரி-எச்.பி.எஸ்.தான் இருக்கும்.

ஒரு குழு ஐஸ் பெட்டியோடு ஏ9 வீதியால் கொழும்பு போய், ரி.எல்.ஆர். (நுழையும் கிருமியை முதலில் உணரும் புரதங்கள்) பரம்பரையலகுகளைப் பார்த்து, வித்தியாசம் கிடைத்ததென்று சந்தோஷமாகத் திரும்பியது. அன்ரி-எச்.பி.சி. பார்க்கவே இல்லை. மாதிரியும் முடிந்தது, காசும் முடிந்தது. நம்பிக் கையை நீட்டி இரத்தம் தந்த சனங்களுக்கு யார் பதில் சொல்வது?

வென்றவர்களை எடுத்தாலும் வேலை முடியாது. பிறக்கும்போது தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நோய் நாட்படும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அந்த வயதை விசாரிக்காமல் விட்டால், வயது செய்த வேலையைப் பரம்பரையலகின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அதோடு இந்த வைரஸ் ஈரல் கலத்துக்குள் சத்தமில்லாமல் நுழைவது, தொடக்கத்தில் இன்டர்பெரோனை (வைரஸுக்கு எதிராகக் கலங்கள் விடும் எச்சரிக்கைப் புரதத்தை) பெரிதாகக் கிளப்பாது. ஆகவே ஒரு ரி.எல்.ஆர். மாற்றம் பெரிய வித்தியாசத்தைக் காட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள்.

எச்.எல்.ஏ.-டிபி

இந்தப் பரம்பரையலகுகளுக்கும் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கும் இடையே 2009 இல் ஜப்பானிய, தாய்லாந்து மக்களிடம் கண்டது உறுதியான தொடர்பு. ஆனால் ரி கலங்களுக்கு அன்ரிஜனைக் காட்டுவதுதான் அதன் வேலை, அது தொற்றுக்குப் பின் உருவாகும் நிர்ப்பீடனம். பிறவி நிர்ப்பீடனப் பட்டியலில் போடாதீர்கள்.

ஹெபடைடிஸ் சி-யின் முடிவுகள்

ஐ.எப்.என்.எல்.3 (ஒருவகை இன்டர்பெரோனின் பரம்பரையலகு) அங்கே பெரிய விடயம். பி-யில் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, அதனால் சி-யின் முடிவை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள்.

ஒருமுறை பொசிட்டிவ்

அது நாட்பட்டது ஆகாது. அன்ரிஜன் ஆறு மாதம் தொடர்ந்து பொசிட்டிவாக இருக்க வேண்டும்.

"பரம்பரை நோய்"

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தொற்று இருந்தது. மாணவி "பரம்பரை" என்று எழுதியதோடு, வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவிட்டாள். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றும் வைரஸ் அது. அந்தத் தாய் அப்போது மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பிறந்து 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயாரான பிறபொருளெதிரி ஊசி) போட்டால் பிள்ளையைக் காக்கலாம் என்று திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பரம்பரை என்று நம்பியிருந்தால் அந்த ஊசியை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.