துவரம்பருப்பு ஒட்டிய இந்தியா

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எல்.கே.ஜி. வகுப்புகளில் இந்திய வரைபடத்தின் மேல் பருப்பு ஒட்டும் வேலை தொடங்கிவிடும். மேலே துவரம்பருப்பு, நடுவில் அரிசி, கீழே பாசிப்பயறு. நானும் ஒட்டவைத்தவள்தான். ஒட்டி முடித்த ஒரு பையனிடம், "இது என்னடா?" என்று கேட்டேன். "பருப்பு மிஸ்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நாலு வயதில் வரைபடம் என்றால் என்னவென்றே தெரியாது. சமூகப் பாடத்தை நாட்டிலிருந்து தொடங்குவதுதான் டீச்சர்களான நம் முதல் தவறு. வாசலிலிருந்து தொடங்கலாம். வகுப்பிலிருந்து குழாயடிக்குப் போகும் வழியைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள், அதன் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். வேப்பமரத்தை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் புவியியல் பாடம். நியூயார்க்கில் 1914-இல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட், மரக்கட்டைகளை வைத்து இதைத்தான் செய்தார்: பிள்ளைகள் வெளியே போய்ப் பார்ப்பார்கள், திரும்பி வந்து பார்த்ததைக் கட்டுவார்கள். நமக்குத் தீப்பெட்டியும் சோப்பு டப்பாவும் போதும்.

அடுத்தது, 'நமக்கு உதவுவோர்' கலரிங் ஷீட். போலீஸ், டாக்டர், தபால்காரர் மூவரையும் அச்சடித்துக் கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்கிறோம். விரலுக்குப் பயிற்சிதான், சமூகம் எங்கே வந்தது? வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தண்ணி கேன் போடும் அண்ணன் வருவார், குப்பை வண்டி அக்கா வருவார். எந்த ஷீட்டிலும் இல்லாதவர்கள்.

மாறுவேடப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டும். நவம்பர் 14-க்கு வாடகைக்கு உடை எடுத்து, மீசை ஒட்டி, பிள்ளையை மேடையில் நிறுத்துகிறோம். அரிக்கிற மீசையைப் பிய்த்தபடி, மனப்பாடம் செய்த ஒரு வரியை ஒப்பித்துவிட்டு அது அழுதுகொண்டே இறங்கும். பாரதியைப் பற்றி அது தெரிந்துகொண்டது, மீசை வலிக்கும் என்பதுதான். நடிப்புக்கு உடை வேண்டாம், எதிரில் ஓர் ஆள் வேண்டும். ஒரு மேஜை, இரண்டு பை, கொஞ்சம் மணல் கொடுத்து ரேஷன் கடை விளையாடச் சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரிசை நின்றது, ஒருத்தி குறுக்கே புகுந்தாள், பஞ்சாயத்து நடந்தது. கடைக்காரனாக இருந்தவன் கையை விரித்து, "பருப்பு இன்னும் வரல, நாளைக்கு வாங்க" என்றான்!

வரலாற்றில் ஆண்டு சொல்லி அவர்களைத் திணறடிக்க வேண்டாம். இந்த வயதில் போன வாரமும் போன தீபாவளியும் எல்லாமே 'நேத்து'தான். பாட்டி பயன்படுத்திய பித்தளைச் சொம்பைக் கொண்டுவரச் சொல்லி, தொட்டுப் பார்த்துக் களிமண்ணில் செய்யவிட்டால் பழைய காலம் கொஞ்சம் கைக்கு எட்டும்.

குடும்ப மரம் வரையும்போது கவனம். அப்பா, அம்மா என்று கட்டம் போட்டு அச்சடித்துக் கொடுத்தால், அம்மாச்சியிடம் வளரும் பிள்ளை எதை நிரப்பும்? ஒருமுறை ஒரு குழந்தை அந்தத் தாளை மடித்து டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நான் கட்டமே போடுவதில்லை. யாரை வேண்டுமானாலும் வரையட்டும், ஆட்டுக்குட்டியாக இருந்தாலும் சரி.

2022-இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியப் பாடத்திட்ட வழிகாட்டியும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகக் கற்பதைத்தான் வலியுறுத்துகிறது. ஆனால் பெற்றோர் கூட்டம் நெருங்கினால் நமக்குக் கை பரபரக்கும். கோணல் கோட்டை நேராக்குவோம், விட்டுப்போன கண்ணை நாமே வைப்போம். அப்புறம் அது மிஸ் வரைந்த படம். படத்தைத் தொடாமல், "இதப் பத்திச் சொல்லு" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை அப்படியே அடியில் எழுதுங்கள். ரேஷன் கடை விளையாடிய மறுநாள் ஒருத்தி தாள் முழுக்க வெறும் குச்சிகளாக இழுத்திருந்தாள். நான் கீழே எழுதியது: "இதெல்லாம் காலு. எங்கம்மா கடைசியில நிக்கிறாங்க."